மின்னணு டிரம்ஸில் பண்பேற்ற ஒலிவிளைவுகள்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஃபேசர், ஃபிளாஞ்சர், கோரஸ், ரிங் மாடுலேட்டர் முதலிய பண்பேற்ற ஒலிவிளைவுகள் கிதார், விசைப்பலகை போன்ற நீடித்து ஒலிக்கும் கருவிகளோடு நெருங்கிய தொடர்புடையவை. இன்றைய மின்னணு டிரம்ஸ் பலவற்றில் இவை உள்ளமைந்த வசதிகளாகவே வருகின்றன. தட்டியவுடன் எழுந்து விரைவில் அடங்கும் முழவொலியின்மீது இவ்விளைவுகள் எவ்வாறு செயற்படுகின்றன, எப்போது இசைப்பொருள் பெறுகின்றன, எப்போது வெறும் பூச்சாக நின்றுவிடுகின்றன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பண்பேற்றத்தை இயக்குவது எவர் கை என்ற வினாவே மதிப்பீட்டின் அடிப்படையாக அமைய வேண்டும் என்பது இதன் முடிபு. உடுக்கை, உருமி, மிருதங்கம் ஆகிய தமிழர் தோற்கருவிகளின் சுருதி வளைவு இதற்கு ஒப்புநோக்கும் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பண்பேற்றம், மின்னணு டிரம்ஸ், ஃபிளாஞ்சர், ரிங் மாடுலேட்டர், தோற்கருவி, உடுக்கை, சுருதி வளைவு.

முன்னுரை

தோற்கருவி இசையைப் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் தாளக் கணக்கையும் சொற்கட்டையும் முதன்மைப்படுத்துகின்றன. ஒரு தட்டு எவ்விடத்தில் விழுகிறது என்பது விரிவாகப் பேசப்படுகிறது; அது விழுந்தபின் அதன் ஒலி எவ்வாறு மாறுகிறது என்பது அத்துணை பேசப்படுவதில்லை. மின்னணு டிரம்ஸின் வருகை இந்த இரண்டாம் வினாவைத் தவிர்க்கவியலாததாக்கியுள்ளது. அக்கருவியில் தட்டு வேறு, ஒலி வேறு. குச்சி படும் பேட் ஒரு மின்குறிப்பை மட்டுமே அனுப்புகிறது. ஒலியை உண்டாக்குவதும் அதன் பண்பை மாற்றுவதும் ஒலித்தொகுப்பி என்னும் தனிப் பெட்டியின் பணி. கையையும் ஒலியையும் இணைத்திருந்த தோல் அங்கு இல்லை. அந்த இடைவெளியில்தான் பண்பேற்ற விளைவுகள் வந்து அமர்கின்றன. அவை இடைவெளியை நிரப்புகின்றனவா, அகலமாக்குகின்றனவா என்பதே இக்கட்டுரையின் வினா.

பண்பேற்றம்: சொல்லும் செயலும்

பண்பேற்றம் என்னும் சொல்லைத் தமிழில் இயற்பியல் பாடநூல்கள் நிலைபெறச் செய்துள்ளன. ஓர் அலையின் வீச்சையோ அதிர்வெண்ணையோ கட்டத்தையோ மற்றோர் அலையைக் கொண்டு மாற்றுவது பண்பேற்றம் ஆகும். வானொலி ஒலிபரப்பில் பயன்படும் இக்கோட்பாடே இசைக் கருவிகளிலும் பயன்படுகிறது. அங்கே மாற்றத்தை இயக்குவது பெரும்பாலும் ஒரு தாழ் அதிர்வெண் அலையியற்றி. அது நொடிக்கு ஒரு முறைக்கும் குறைவாகவோ சில முறைகளோ மேலும் கீழும் ஊசலாடும். அதன் ஊசலாட்டம் செவிக்கு எட்டாது. அது மாற்றும் பண்பே செவிக்கு எட்டும்.

இவ்வூசல் ஒலியின் வீச்சை மாற்றினால் டிரமோலோ பிறக்கிறது. மூல ஒலியோடு, சில மில்லிநொடிகள் பிந்திய அதன் படியைக் கலந்து, அப்பிந்தலின் அளவை ஊசல் மாற்றினால் ஃபிளாஞ்சர் பிறக்கிறது. பிந்தல் ஏறத்தாழ 15 முதல் 30 மில்லிநொடிகள் வரை நீண்டால் ஒருவர் பாடுவது பலர் பாடுவதாகத் தோன்றும், அது கோரஸ். பிந்தலுக்கு மாறாக ஒலியின் கட்டத்தைத் திருப்பும் வடிப்பிகளைக் கொண்டு அமைவது ஃபேசர். ரிங் மாடுலேட்டர் இவற்றினின்று வேறுபட்டது. அதில் ஊசலுக்குப் பதிலாகச் செவிக்கு எட்டும் அதிர்வெண் கொண்ட ஊர்தி அலை மூல ஒலியோடு பெருக்கப்படுகிறது. மூல ஒலி 200 ஹெர்ட்ஸும் ஊர்தி அலை 300 ஹெர்ட்ஸும் ஆயின், வெளிவருவன அவற்றின் கூட்டலாகிய 500 ஹெர்ட்ஸும் கழித்தலாகிய 100 ஹெர்ட்ஸும் ஆகும். உள்ளே சென்ற இரண்டும் வெளியே வருவதில்லை.

குறுகிய ஒலியும் நீண்ட ஊசலும்

இவ்விளைவுகளைக் கிதாரில் கேட்டுப் பழகிய செவி அவற்றை ஓர் அசைவாக உணர்கிறது. ஒரு சுரம் நான்கு நொடிகள் ஒலிக்கும்போது ஃபிளாஞ்சரின் ஊசல் அதன்மீது ஏறி இறங்குவதை முழுமையாகக் கேட்கலாம். முழவில் அவ்வாறு நிகழ்வதில்லை. எளிய கணக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும்.

நிமிடத்திற்கு 120 அடிகள் கொண்ட நடையில், நான்கடிச் சுற்றின் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஸ்னேர் தட்டப்படுகிறது எனக் கொள்வோம். நொடிக்கு ஒரு ஸ்னேர் தட்டு விழும். ஊசல் 0.2 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுழற்சிக்கு 5 நொடிகள். ஸ்னேரின் ஒலி ஏறத்தாழ 200 மில்லிநொடிகளில் அடங்கிவிடுமாயின், அது அச்சுழற்சியில் இருபத்தைந்தில் ஒரு பங்கை மட்டுமே காண்கிறது. ஒரு தட்டுக்குள் அசைவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அது சிறிது. மாறாக, அடுத்தடுத்த ஐந்து தட்டுகள் சுழற்சியின் ஐந்து வேறுபட்ட இடங்களைத் தொடுகின்றன. ஐந்தும் ஐந்து நிறம் பெறுகின்றன. ஆறாவது தட்டு முதல் தட்டின் நிறத்துக்குத் திரும்புகிறது.

இங்கிருந்து ஒரு விதி பெறப்படுகிறது. நீடித்த ஒலியில் பண்பேற்றம் ஒலிக்குள் நிகழும் அசைவு. முழவொலியில் அது தட்டுக்கும் தட்டுக்கும் இடையே தோன்றும் வேறுபாடு. எனவே டிரம்ஸில் ஊசலின் வேகம் வெறும் சுவைத் தேர்வு அன்று. அது தாளத் தேர்வு. அதே நடையில் ஊசலை 1 ஹெர்ட்ஸ் ஆக்கினால் எல்லா ஸ்னேர் தட்டுகளும் சுழற்சியின் ஒரே இடத்தில் விழும். விளைவு இயங்கிக்கொண்டிருந்தும் வேறுபாடு மறைந்து, நிலையான ஒரு நிறமாற்றமே எஞ்சும். 0.5 ஹெர்ட்ஸ் ஆக்கினால் இரண்டாம் அடிக்கு ஒரு நிறமும் நான்காம் அடிக்கு எதிர்நிறமும் மாறி மாறி வரும். நடையோடு ஊசலை ஒத்திசைக்கும் வசதியைப் பலர் சிந்தியாது பயன்படுத்துகின்றனர். அவ்வொத்திசைவு பண்பேற்றத்தை உயிர்ப்பிக்கவும் கூடும். சுவடின்றி அழிக்கவும் கூடும்.

ஒரே விளைவு, வேறுபட்ட கருவிகள்

டிரம்ஸ் என்பது ஒரு கருவி அன்று. பல கருவிகளின் கூட்டம். ஃபிளாஞ்சரின் இயல்பு ஒலியின் நிறமாலையில் சீப்பின் பற்களைப் போல ஒழுங்கான இடைவெளியில் பள்ளங்களை வெட்டுவது. பிந்தல் 1 மில்லிநொடி ஆயின் பள்ளங்கள் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என அமையும். இப்பள்ளங்களின் நகர்வு கேட்க வேண்டுமானால், நிறமாலை முழுவதும் ஆற்றல் பரவிய ஒலி தேவை. சிம்பலும் திறந்த ஹை-ஹாட்டும் ஸ்னேரின் அடிக்கம்பிகளும் அத்தகையவை. மேலும் சிம்பல் பல நொடிகள் நீடிப்பதால் ஊசலின் அசைவும் அதில் ஓரளவு முழுமையாகக் கேட்கும்.

பாஸ் டிரமின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் முதன்மை ஆற்றல் ஏறத்தாழ 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் குவிந்துள்ளது. குறுகிய பிந்தலில் முதல் பள்ளமே அதற்கு மேலே இருப்பதால் விளைவு அதைத் தீண்டுவதில்லை. பிந்தல் 10 மில்லிநொடிக்கு நீளும்போது முதல் பள்ளம் 50 ஹெர்ட்ஸில் விழுகிறது. அப்போது சில தட்டுகள் மட்டும் கனம் இழக்கின்றன. கேட்போர் அதனை ஒலிவிளைவாக உணர்வதில்லை. வாசிப்பவரின் கால் தளர்ந்ததாகவே உணர்கின்றனர். கோரஸ் வேறொரு தீங்கைச் செய்கிறது. அதன் பிந்தல் தட்டின் கூரிய தொடக்கத்தை இரண்டாக்குவதால், ஒற்றைத் தட்டு இரு குச்சிகள் சற்று முன்பின்னாக விழுந்தது போல் மழுங்குகிறது. தொகுதி முழுவதையும் ஒரே விளைவுக்குள் செலுத்துவது பெரும்பாலும் பிழையாக முடிவதன் காரணம் இதுவே.

மூன்று பதிவுகள், மூன்று கைகள்

மின்னணு டிரம்ஸில் இன்று ஒரு பொத்தானாக உள்ள விளைவுகள் முதலில் ஒலிப்பதிவுக் கூடங்களில், இயல்பான டிரம்ஸின்மீது முயலப்பட்டவை. மேலை ராக் இசையின் மூன்று பதிவுகள் அவ்வரலாற்றின் மூன்று நிலைகளைக் காட்டுகின்றன.

முதலாவது, ஸ்மால் ஃபேசஸ் குழுவின் 1967-ஆம் ஆண்டுப் பாடலான ‘இட்சிகூ பார்க்’. லண்டன் ஒலிம்பிக் கூடத்தில் ஒலிப்பொறியாளர் ஜார்ஜ் கியான்ட்ஸின் முயற்சியால், நாடா எந்திரங்களின் ஓட்டத்தில் நுண்ணிய வேறுபாட்டை உண்டாக்கி இவ்விளைவு பெறப்பட்டது. அது பாடல் முழுவதும் வருவதில்லை. டிரம்ஸ் உருண்டு முன்வரும் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் எழுந்து மறைகிறது. இங்குப் பண்பேற்றம் பொறியாளரின் கையில் உள்ளது. அவர் பாடலின் அமைப்பை அறிந்து அதனை இயக்குகிறார்.

இரண்டாவது, லெட் செப்பலின் குழு 1975-இல் வெளியிட்ட ‘காஷ்மீர்’. ஜான் பானமின் டிரம்ஸ் ஒலி ஃபேசர் வழியாகச் செலுத்தப்பட்ட பதிவு இது. இங்கு விளைவை இயக்குவது எந்திர ஊசல். அது தட்டுகளை அறியாது. ஆயினும் இப்பதிவு வெற்றி பெற்றதன் காரணம் ஆராயத்தக்கது. எட்டு நிமிடங்களுக்கும் மேல் நீளும் இப்பாடலில் பானம் பெரும்பகுதியும் ஒரே நடையைத் திண்மையாகக் காக்கிறார். அவர் மாற்றத்தைத் தாமே தவிர்த்த இடத்தில் ஊசல் மெல்லிய மாற்றத்தைத் தருகிறது. தட்டு அசையாதபோது நிறம் அசைகிறது. கை பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் இதே ஊசல் குறுக்கீடாக முடிந்திருக்கும்.

மூன்றாவது, டேவிட் போவியின் 1977-ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘லோ’. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி, ஈவென்டைடு நிறுவனத்தின் ஹார்மனைசர் என்னும் சுருதி மாற்றியைக் கொண்டு டென்னிஸ் டேவிஸின் ஸ்னேர் ஒலியைத் தட்டியவுடன் கீழ்நோக்கிச் சரியச் செய்தார். கண்டிப்பாகப் பகுத்தால் இது ஊசலால் இயங்கும் பண்பேற்றம் அன்று. சுருதிப் பண்பை மாற்றும் அதன் உறவு விளைவு. விஸ்கான்டி பின்னாளில் கூறியதன்படி, வாசிக்கும்போதே அவ்விளைவைச் செவியொலிப்பானில் கேட்ட டேவிஸ், தட்டும் விசையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். பொறியாளரின் கையையும் எந்திரத்தின் ஊசலையும் கடந்து, விளைவு இங்கு வாசிப்பவரிடம் வந்து சேர்கிறது. கருவி செவிக்கு மறுமொழி தருகிறது. செவி கைக்கு அறிவுறுத்துகிறது. விளைவு வாசிப்பின் ஒரு பகுதியாகும் புள்ளி இதுவே.

உறைந்துபோன வளைவு

இங்கிலாந்தில் 1981-இல் வெளிவந்த சிம்மன்ஸ் எஸ்.டி.எஸ்.-5 கருவி அறுகோணப் பேட்களால் பெரும்புகழ் பெற்றது. அதன் ஒவ்வொரு தடத்திலும் தட்டியபின் சுருதி எவ்வளவு சரிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் குமிழ் ஒன்று இருந்தது. 1980-களின் மேலைப் பாப் இசையில் நாம் கேட்கும் ‘டூம்’ எனச் சரியும் டாம் ஒலி இக்கருவியோடு இணைத்தே நினைக்கப்படுகிறது. குமிழைத் திருப்பி வைத்துவிட்டால் சரிவின் பாங்கு நிலைத்துவிடும். அவ்வொலி விரைவில் சலிப்புத் தந்ததற்கு ஒலியின் செயற்கைத்தன்மை மட்டும் காரணம் அன்று. வளைவு ஒவ்வொரு முறையும் அதே வளைவாக இருந்ததும் காரணம்.

பதிவுசெய்த இயல்பான ஒலிகளைப் பயன்படுத்தும் கருவிகள் இக்குறையை நீக்கிவிட்டதாக எண்ணுவது பொருந்தாது. 1985-இல் அறிமுகமான ரோலண்டு ஆக்டபேடின் வழிவந்த கருவிகள் இன்று நம் மெல்லிசை மேடைகளில் தபேலாவுக்கும் டோலக்குக்கும் பல வேளைகளில் பதிலாக நிற்கின்றன. தபேலாவின் இடப்பக்க முழவில் மணிக்கட்டை அழுத்தி எழுப்பும் சுருதி வளைவு, பதிவொலியில் ஒரே வடிவில் உறைந்துவிடுகிறது. தட்டும் விசைக்கேற்பப் பல பதிவுகளை அடுக்கி வைப்பினும், தட்டிய பின்னர்க் கை செய்யும் முடிவு அங்கு இடம்பெறுவதில்லை. எவ்வளவு துல்லியமான பதிவாயினும் அது ஒரு நாளில் ஒரு கை எடுத்த முடிவின் நகலே.

உடுக்கையும் உருமியும் கற்பிப்பன

சுருதியை வளைப்பது தமிழர் தோற்கருவி மரபுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக்கு உரை வரைந்த அடியார்க்குநல்லார் தோற்கருவிகளைத் தொகுத்துரைக்கையில் உடுக்கையையும் சுட்டுகிறார். இடை சிறுத்த அக்கருவியின் இழைகளை இடக்கை அழுத்தி விடும்போது தோலின் இறுக்கம் மாறிச் சுருதி ஏறி இறங்குகிறது. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையைப் பாடும் உடுக்கைக் கலைஞரிடம் வலக்கை தாளத்தையும் இடக்கை அதன் நிறத்தையும் ஆள்கின்றன. உருமியில் வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் உறுமல், தட்டாமலே நிகழும் தொடர்ச்சியான மாற்றம். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கியும் இவ்வினத்ததே.

இவை மூன்றிலும் பொதுவாக ஓர் உண்மை உள்ளது. வளைவின் அளவு, விரைவு, தொடங்கும் நேரம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு தட்டிலும் புதிதாக முடிவு செய்யப்படுகின்றன. எந்திர ஊசலுக்கு ஒரு சுழற்சி உண்டு. உடுக்கைக்காரரின் கைக்கு ஒரு கதை உண்டு. கதையில் சினம் மூளும் இடத்தில் இழை இறுகுகிறது. அழுகை வரும் இடத்தில் தளர்கிறது. பண்பேற்றம் பொருள் பெறுவது இவ்விணைப்பினால்தான்.

இதனைக் கொண்டு மின்னணுக் கருவியைப் புறக்கணிக்க வேண்டும் என்று வாதிடுவது எளிது, ஆனால் நேர்மையன்று. அக்கருவியில் கைக்கும் காலுக்கும் வழிகள் உள்ளன. ரோலண்டு டிரம்ஸ் சிலவற்றில் ஹை-ஹாட் மிதியைக் கொண்டு பிற பேட்களின் சுருதியை வளைக்கலாம். அந்நிறுவனத்தின் ஹேண்ட்சோனிக் வகைக் கருவியில் தட்டிய பின் பேடை அழுத்தி ஒலியை மாற்றலாம். மிதியின் நிலையும் தட்டும் விசையும் எண்களாகவே ஒலித்தொகுப்பியை அடைவதால், தக்க இணைப்பு அமையுமிடத்து அவற்றைக் கொண்டு ஃபிளாஞ்சரின் ஆழத்தையோ ஊர்தி அலையின் அதிர்வெண்ணையோ இயக்க இயலும். உடுக்கையின் இடக்கை செய்த பணியை டிரம்ஸ் வாசிப்பவரின் இடக்கால் ஏற்கலாம். வழி இருந்தும் அது அரிதாகவே பயன்படுவதே குறை.

ரிங் மாடுலேட்டரும் சுருதியும்

ரிங் மாடுலேட்டர் பற்றித் தனியே ஒரு கருத்து வேண்டும். சீரான சாதாரணத் தோலின் அதிர்வுகள் 1 : 1.59 : 2.14 : 2.30 என்னும் பொருந்தா விகிதங்களில் அமைகின்றன. மேலை டாம் ஒலிக்குத் தெளிந்த சுருதி குறைவாயிருப்பதற்கு இதுவே அடிப்படை. அத்தகைய ஒலியை ரிங் மாடுலேட்டரில் செலுத்தினால் பொருந்தாமை மேலும் மிகுந்து, தோல் உலோகமாகிறது, முழவு மணியாகிறது. இழப்பதற்கு அங்குச் சுருதி அதிகம் இல்லை.

மிருதங்கத்தின் நிலை வேறு. கரணையின் கறுப்புப் பூச்சு மேற்சுரங்களை 1 : 2 : 3 என்னும் இசைந்த விகிதங்களுக்குக் கொணர்வதை சி.வி. ராமன் 1920-இலேயே எடுத்துக்காட்டினார். அடிச்சுரம் 200 ஹெர்ட்ஸ் எனவும் மேற்சுரங்கள் 400, 600 எனவும் கொள்வோம். ஊர்தி அலையை மனம்போன போக்கில் 270 ஹெர்ட்ஸில் வைத்தால் 70, 130, 330, 470, 670, 870 எனத் தொடர்பற்ற சுரங்கள் பிறக்கும். கரணையிட்டவரின் உழைப்பு ஒரு பொத்தானில் கலைந்துவிடும். ஊர்தி அலையையும் 200 ஹெர்ட்ஸிலேயே வைத்தால் 200, 400, 600, 800 என அதே குடும்பமே மீளும். நிறம் மாறும், சுருதி மாறாது. மேற்சுரங்களின் வலிமைப் பங்கீடு மட்டும் புதிதாக அமையும். 300 ஹெர்ட்ஸில் வைத்தால் 100, 300, 500, 700, 900 எனப் பிறக்கும். அவை அனைத்தும் 100-இன் மடங்குகளாதலால் ஒலி மந்தரத்துக்கு இறங்கியது போல் கேட்கும். ஆக, கேடு விளைவில் இல்லை. சுருதி சேர்க்காமையில் உள்ளது. மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கத் தவறாத நாம் ஊர்தி அலைக்கும் சேர்க்க வேண்டும் என்பது ஏற்கத்தக்க கோரிக்கையே.

மதிப்பீடு

இவ்வாய்விலிருந்து திறனாய்வுக்குரிய சில அளவுகோல்களைப் பெறலாம். விளைவு தொகுதியின் எப்பகுதியில் இடப்பட்டுள்ளது என்பது முதலாவது. சிம்பலுக்கு ஏற்றது பாஸ் டிரமுக்கு ஏற்றதாகாது. ஊசலின் வேகம் நடையோடு எவ்வாறு பொருந்துகிறது என்பது இரண்டாவது. தட்டின் தொடக்கம் கூர்மை இழந்ததா என்பது மூன்றாவது. நான்காவதும் தலையாயதும் பண்பேற்றத்தின் ஆட்சி எவரிடம் உள்ளது என்பது.

இந்நான்காம் அளவுகோலுக்கு ஒரு மறுப்பு எழலாம். ஊசல் வாசிப்பவருக்குக் கட்டுப்படாமல் இருப்பதே புதுமை தருகிறது, எதிர்பாராமை கலையின் பகுதியன்றோ என்பது அம்மறுப்பு. ‘காஷ்மீர்’ அதற்கு வலுச்சேர்க்கும் சான்றே. ஆயினும் அங்கு வாசிப்பவர் தம் மாற்றங்களை அடக்கி ஊசலுக்கு இடம் தந்தார். அவ்வாறு இடம் தருவதும் ஒரு கையின் முடிவே. முடிவே இல்லாத இடத்தில் தோன்றும் மாற்றத்தைக் கேட்போர் முதன்முறை வியப்பர். பத்தாம் முறை கவனிக்க மாட்டார்.

முடிவுரை

மின்னணு டிரம்ஸில் பண்பேற்ற ஒலிவிளைவுகள் தம்மளவில் நல்லனவும் அல்ல, தீயனவும் அல்ல. குறுகிய முழவொலியில் அவை அசைவாகக் கேளாமல் தட்டுகளுக்கிடையிலான வேறுபாடாகக் கேட்பதால், அவற்றைத் தாளத்தின் உறுப்பாகக் கருதியே கையாள வேண்டும். பதிவொலியால் நம் தோற்கருவிகள் இழந்துவரும் சுருதி வளைவை, கையோடும் காலோடும் இணைந்த பண்பேற்றம் ஓரளவேனும் மீட்டுத்தரக்கூடும். மிதியும் அழுத்தமும் வாசிப்பவரின் செவியும் ஒன்றிணையும் பயிற்சி இதற்கு முதற்படி. ஆக்டபேடு பயிலும் மாணவருக்கு எந்த ஒலி எந்தப் பேடில் உள்ளது என்பதைக் கற்பிப்பதோடு, உடுக்கைக்காரரின் இடக்கை என்ன செய்கிறது என்பதையும் கேட்கச் செய்தல் வேண்டும்.